ஊக்கு குத்திய கடைசி அத்தியாயம்

போன வாரம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தார்கள். டெல்லி துவாரகாவில் இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து பரண் பக்கம் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. அங்கே கிடந்த தகரப் பெட்டியை என் மகன் இறக்கிவைத்தான். உள்ளே பூச்சி அரித்த ஸ்வெட்டர், பாடாத டிரான்சிஸ்டர், எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத சாவிகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பாக்கெட் நாவல். அட்டையில் துப்பாக்கி பிடித்த ஒரு கை, அதற்குப் பின்னால் மிரண்டுபோன ஒரு பெண்ணின் முகம். கடைசிப் பக்கங்களை மட்டும் சேர்த்துப் பிடித்து ஓர் ஊக்கு குத்தியிருந்தது. ஊக்கு துருப்பிடித்துத் தாளோடு ஒட்டிப்போயிருந்தது.

"யே கியா ஹை, அப்பா?" என்று கேட்டுக்கொண்டே மகன் ஊக்கைக் கழற்றப் போனான்.

"டேய், கையை எடுடா!"

நான் போட்ட சத்தத்தில் ஏணிமேல் நின்ற பெயிண்டர் பிரஷ்ஷைக் கீழே விட்டுவிட்டார். "ஒரு பின்தானேப்பா, எதுக்கு இவ்ளோ குஸ்ஸா?" என்றான் மகன். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவனைப் பொறுத்தவரை அது ஒரு துப்பாக்கிப் படம் போட்ட குப்பை. அவன்மேல் தப்பில்லை. ஒரு துருப்பிடித்த ஊக்குக்காக ஓர் ஓய்வுபெற்ற கிளார்க் கத்துவான் என்று யார்தான் எதிர்பார்ப்பார்கள்?

புத்தகத்தை முகர்ந்து பார்த்தேன். பழைய தாள் வாசனை இருந்தது. காப்பிப் பொடி வாசனையும் இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பவேண்டாம், ஆனால் எனக்கு வந்தது. ஏனென்றால் அந்த நாளில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம் ஊர்ச் சாமான் விற்கிற கடையில்தான் தமிழ்ப் பத்திரிகையும் விற்றார்கள். ஒரு பக்கம் மிஷினில் காப்பிக்கொட்டை அரைபட்டுக்கொண்டிருக்கும். அதற்கு மேலே கயிறு கட்டி, துணிக்குப் போடும் கிளிப்பால் வாரப் பத்திரிகைகளும் மாத நாவல்களும் தொங்கும். மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்து சேர்வதற்குள் ஊரில் எல்லோரும் படித்து முடித்திருப்பார்கள். அங்கே யார் கொலைகாரன் என்று தெரிந்துபோன பிறகுதான் இங்கே பிணமே விழும். அப்பளக் கட்டுக்கும் புளிக்கும் நடுவே கடைக்காரர் அதைச் சுருட்டிக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து பிரித்தால் முதல் பக்கத்தில் காப்பித் தூள் உதிரும்.

நான் டெல்லிக்கு வந்தது எழுபதுகளின் கடைசியில். ராமகிருஷ்ணபுரத்தில் ஓர் அரசாங்க ஆபீஸில் கடைநிலை கிளார்க். கல்யாணம் ஆகாதவனுக்கு வீடு ஒதுக்க மாட்டார்கள். ஒதுக்கினாலும் அதற்குள் அவனுக்குப் பேரன் பிறந்துவிடுவான். அதனால் சரோஜினி நகரில் சோமசுந்தரம் சார் வீட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். அவர் மதுரைக்காரர், வேறொரு அமைச்சகத்தில் அசிஸ்டெண்ட். அரசாங்க வீட்டில் வாடகைக்கு ஆள் வைக்கக்கூடாது என்பது சட்டம். வைக்காத வீடு அந்தக் காலனியில் குறைவு என்பது நடப்பு. யாராவது கேட்டால் உறவு சொல்லிவிடுவார்கள். சரோஜினி நகரில் அன்றைக்கு இருந்த அத்தனை மச்சினர்களும் உண்மையான மச்சினர்களாக இருந்திருந்தால், தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்துக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் என்று கணக்கு வந்திருக்கும்.

நான் விருதுநகர்ப் பக்கம், சாரின் மனைவிக்கும் அதே பக்கம். ஆகவே சோமசுந்தரம் சாரின் மனைவிக்குத் தம்பி ஆனேன். பாக்கியம் அக்கா. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அக்காவுடன் பிறந்தவர்களும் யாரும் இல்லை. பொய்க்குச் சொன்ன உறவு என்றாலும் அக்கா அதை முதல் வாரத்திலேயே நிஜமாக்கிவிட்டாள். சட்டைக் காலரில் அழுக்கு இருந்தால் ரோட்டில் வைத்தே திட்டுவாள்.

ஊரிலிருந்து வரும்போது நான் சில கனமான புத்தகங்களைக் கொண்டுவந்திருந்தேன். பெரிய எழுத்தாளர்கள் எழுதியவை, யாரும் சிரிக்காதவை. பஸ்ஸில் அட்டை தெரியும்படி பிடித்துக்கொண்டு படிப்பேன். எந்தப் பஞ்சாபிக்காரர் பார்த்து வியக்கப்போகிறார் என்று அப்போது தோன்றவில்லை. ஒருநாள் அக்கா அதில் ஒன்றை எடுத்துக் கடைசிவரை புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏய்யா தம்பி, இம்புட்டுத் தண்டி பொஸ்தகத்துல ஒரு கொலைகூட இல்லையே. கொலை இல்லாம எப்பிடிய்யா முந்நூறு பக்கம் ஓட்டுறே?"

நான் இலக்கியம் பற்றி ஏதோ விளக்கம் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டு உள்ளே போய், அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு பாக்கெட் நாவலை எடுத்துவந்து கொடுத்தாள். "இதைப் படி. பிடிக்கலைன்னா நாளைக்கு உப்புமா போடுறேன், அதுதேன் தண்டனை."

மறுநாள் ஆபீஸ் போகிற பஸ்ஸில் இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். சாணக்யபுரியில் ஏதோ ஒரு தூதரக மதிலோரம் இறங்கி, நடந்துகொண்டே மீதியைப் படித்தேன். அங்கே நின்ற காவலாளி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். எஸ்டேட் பங்களா, மாடிப்படியில் ஒரு பிணம், பூட்டிய அறை. என்ன சுகம்! பத்து வயதில் தின்பண்டத்தை மறைத்துவைத்துத் தின்ற சுகம் அது. அதற்குப் பிறகு கனமான புத்தகங்களை நான் பஸ்ஸுக்கு எடுத்துப்போகவில்லை.

அக்காவுக்குப் புது எழுத்தாளர் என்றால் உயிர். கடையில் அறியாத பெயர் ஒன்று தொங்கினால் போதும், கொத்தமல்லி வாங்க மறந்துவிட்டு வந்து, அதை வாங்கிவரச் சொல்லி என்னை விரட்டுவாள். அவளுக்கென்று ஒரு சோதனை இருந்தது. "மொதப் பொணம் எந்தப் பக்கத்துல விழுதுன்னு பாக்கணும். ரொம்ப முந்தி விழுந்தா ஆளுக்கு அவசரம். ரொம்பப் பிந்தி விழுந்தா ஆளுக்குப் பயம்." ஒருவர் கதையில் எப்போதும் மழை பெய்யும். மழை நின்றால் கதை முடிந்தது என்று அர்த்தம். இன்னொருவர் விஷம் தவிர வேறொன்றாலும் ஆளைக் கொல்லமாட்டார். பாவம், கத்தி என்றால் அவருக்கே பயமாக இருக்கும் என்பாள் அக்கா. பேய்க் கதைக்காரர் ஒருவர் இருந்தார். அவரைப் பட்டப்பகலில், சமையலறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, பக்கத்தில் துடைப்பத்தோடுதான் படிப்பாள். பேயைத் துடைப்பத்தால் அடிக்க முடியுமா என்று கேட்டேன். "பேயை இல்லைய்யா, இடையில வந்து தண்ணி கேக்குறவுகளை" என்றாள். அந்த வீட்டில் தண்ணீர் கேட்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான்.

சோமசுந்தரம் சார் கதை படிக்கமாட்டார். ஆபீஸ் விதிகள் அச்சடித்த புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது, அதைத்தான் படிப்பார். கெட்டவர் என்று சொல்லமுடியாது. பயந்தவர். பயந்தவர்கள் செய்கிற கெடுதலைக் கெட்டவர்களால் செய்யமுடியாது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தரியாகஞ்ச் நடைபாதைக்குப் போய் இங்கிலீஷ் பழைய புத்தகங்களைக் கிளறுவேன். ஒருமுறை விண்வெளிக் கப்பலுக்குள் கொலை நடக்கிற கதை ஒன்று கிடைத்தது. அப்படியெல்லாம் ஒரு வகை இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. அக்காவுக்கு இங்கிலீஷ் வராது. வாரம் முழுக்க அவள் கீரை ஆய, நான் தமிழில் கதை சொன்னேன். "ஆகாசத்துல கொலையா? ஓடித் தப்பிக்க எடமே இல்லையே. கொன்னவனும் பாவம்தேன்" என்று அவள் கொலைகாரனுக்காக வருத்தப்பட்டாள்.

இப்போது அந்த ஊக்கு விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வாசிப்பில் மூன்றாவது ஆளும் உண்டு. மாடி வீட்டு ரங்கசாமி சார். பொள்ளாச்சிக்காரர். செக்‌ஷன் ஆபீஸர். ஒரு வாக்கியத்தில் மூன்று 'ங்க' போடாமல் பேசமாட்டார். வாரப் பத்திரிகை அவர் வாங்குவது, மாத நாவல் நான் வாங்குவது. அக்கா எதுவும் வாங்காமல் எல்லாவற்றையும் முதலில் படிப்பாள், அது எழுதப்படாத சட்டம். அப்புறம் மாடிக்குப் போகும். கடைசியில் எனக்கு. ஒருமுறை ரங்கசாமி சார் ஆர்வக்கோளாறில் கொலைகாரன் பெயரைப் படிக்கட்டிலேயே சொல்லிவிட, நான் அன்று சாப்பிடாமல் படுத்தேன். அக்கா உடனே ஓர் ஏற்பாடு செய்தாள். புது நாவல் வந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, விரலால் தடவி, கடைசி அத்தியாயத்தை மட்டும் சேர்த்துத் தன் தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்திவிடுவாள். மூன்று பேரும் அதுவரை படித்திருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ் வீட்டுப் புல்தரையில், கறிவேப்பிலைச் செடி ஓரம் நாற்காலி போட்டு உட்காரவேண்டும். ஒவ்வொருவரும் கொலைகாரன் யார், ஏன் என்று சொல்லவேண்டும். அப்புறம்தான் ஊக்கை எடுத்து அக்கா கடைசி அத்தியாயத்தை உரக்கப் படிப்பாள். மூன்று பேரில் ஒருவர் குறைந்தாலும் ஊக்கை எடுக்கக்கூடாது. ரங்கசாமி சார் டூர் போயிருந்தபோது ஒரு நாவல் மாதம் முழுக்கக் குத்தினபடி அலமாரியில் கிடந்தது.

அக்காதான் பெரும்பாலும் ஜெயிப்பாள். "அழுகுறவனைப் பாக்காதே, கோவப்படுறவனைப் பாக்காதே. இதனால யாருக்கு லாபம்? அதைப் பாரு, அவன்தேன்" என்பாள். ரங்கசாமி சார் கையெடுத்துக் கும்பிடுவார். "அம்மிணி, நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கோணுமுங்க" என்பார். அவருக்கு மூட்டுவலி. மாடிப்படி ஏறுவதற்கு முன் ஒருமுறை நின்று, புல்தரையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "என்ன இருந்தாலும் கீழ் வீடு கீழ் வீடுதானுங்க." கீழ் வீட்டுக்கு மாற்றக் கேட்டு எழுதிப்போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார். அக்கா பரிதாபப்பட்டு அவருக்கு ஒரு டம்ளர் காப்பி கூடுதலாகக் கொடுப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரை விட்டு வந்தவனுக்கு அப்படி ஓர் இடம் கிடைப்பது சாதாரணமில்லை. ஆபீஸில் என்னை 'மதராஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் மிகவும் குறைவு. குளிர்கால வெயிலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டு, இல்லாத ஒரு கொலைகாரனைப் பற்றி மூன்று பேர் தொண்டை கிழியச் சண்டை போட்டதுதான் எனக்கு டெல்லி. அக்காவுக்கு அது இன்னும் அதிகம். வாரம் முழுக்கக் கணவரின் சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவள், அந்த ஒரு மணி நேரம் எல்லோரையும் வாய் திறக்கவிடாமல் அடிப்பாள்.

அந்தச் சமயத்தில் பக்கத்துப் பிளாக்கில் செக்கிங் வந்தது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க ஆள் வருவார்கள். வெளியாள் குடியிருப்பது தெரிந்தால் வீடு போய்விடும். சோமசுந்தரம் சாருக்குச் சோறு இறங்கவில்லை. "தம்பியை வேற எங்கயாவது போகச் சொல்லிரலாமா?" என்று அக்காவிடம் கேட்டார். நானும் போய்விடுகிறேன் என்றுதான் சொன்னேன். அக்கா விடவில்லை. "எங்க போவான்? எத்தனை கதை படிச்சிருக்கேன், ஒரு சாட்சியம் ஜோடிக்கத் தெரியாதா எனக்கு?"

அடுத்த ஞாயிறு ஊக்கு எடுத்து முடித்ததும் ஒத்திகை தொடங்கியது. அக்கா கணவரின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் ஆனாள். நான் சாட்சி.

"ஒன் அய்யா பேரு என்ன?"

"ஆறுமுகம்."

"அப்ப எங்கய்யா பேரும் ஆறுமுகம். எங்கய்யா கோவிச்சுக்கிற மாட்டாரு, அவரு போயி ரொம்ப நாளாச்சு. சின்ன வயசுல ஒன்னைய நாய் கடிச்சது எந்தக் கால்ல?"

"நாயே கடிக்கலையேக்கா."

"இடது கால்ல. மறக்காதே."

ரங்கசாமி சார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு மூன்று நல்ல யோசனைகளும் சொன்னார். என் பெட்டி தனி அறையில் இருக்கக்கூடாது, என் துணி அவர்கள் துணியோடு ஒரே கொடியில் காயவேண்டும் என்றெல்லாம் சொன்னார். உள்ளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவரை அக்கா கூப்பிட்டாள்.

"ஏங்க, நீங்களும் வந்து ஒருக்காச் சொல்லிப் பாருங்க."

"எனக்கு இந்த நாடகமெல்லாம் வேணாம்."

"சாரை விட்டுருங்க அம்மிணி" என்றார் ரங்கசாமி சார். "செக்கிங்னா வீட்டுக்குத்தானுங்க வரும். அவரு ஆபீஸ்ல இருப்பாரு. அவரை எதுக்குங்க தொந்தரவு பண்ணிக்கிட்டு."

சரியென்றுதான் எங்களுக்கும் பட்டது.

வந்தார்கள். எனக்குக் காய்ச்சல், லீவு போட்டுப் படுத்திருந்தேன். மத்தியானம் இரண்டு பேர். ஒருவர் ஃபைலோடு உட்கார்ந்தார், இன்னொருவர் பாத்ரூமில் எத்தனை டூத் பிரஷ் என்று பார்த்தார். "யே கௌன் ஹை?" என்று என்னைக் காட்டிக் கேட்டார் ஃபைல்காரர். "மேரா பாய். சோட்டா பாய்" என்றாள் அக்கா. அவளுடைய இந்தி மார்க்கெட் இந்திதான், ஆனால் அன்றைக்கு ஒரு தடங்கல் இல்லை. அய்யா பெயர், ஊர், எப்போது வந்தான், எதற்கு வந்தான், கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருப்பது வரை கோர்வையாகச் சொன்னாள். கேட்காமலே நாய் கடித்ததையும் சொன்னாள். நான் போர்வையை விலக்கி இடது காலைக் காட்டினேன். அங்கே ஒன்றுமில்லை. அவரும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "பகுத் அச்சா, பெஹன்ஜி" என்று சொல்லி, அக்கா கொடுத்த வடையையும் தின்றுவிட்டுப் போனார்.

"பாத்தியா? ஒரு எடத்துல இடறலை" என்றாள் அக்கா. அவள் முகம் அப்படி மலர்ந்து அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் வழக்கத்துக்கு முன்பே சோமசுந்தரம் சார் வந்தார். செருப்பைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"காலையில ஆபீசுக்கு வந்தாங்க."

"யாரு?"

"செக்கிங். மொதல்ல அங்கதான் வந்திருக்காங்க. வீட்டுல இருக்கிற பையன் யாருன்னு கேட்டாங்க."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அவர் எதிரே வந்து நின்றாள்.

"என் தம்பின்னு சொன்னேன்" என்றார் அவர். "கூடப்பொறந்த தம்பின்னு. பொண்டாட்டி தம்பின்னா மேல கேள்வி கேப்பாங்க, சொந்தத் தம்பின்னா விட்டுருவாங்கன்னு நெனச்சேன். எங்கப்பா பேரையும் எழுதிக் குடுத்துட்டேன்."

அக்கா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். ஃபைல்காரர் ஏன் அவ்வளவு பொறுமையாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் பையில் ஏற்கெனவே ஒரு தம்பி இருந்தான். வேறு அப்பாவுக்குப் பிறந்தவன்.

வீடு ரத்தானது. அபராதம் போட்டார்கள். சோமசுந்தரம் சாரின் பதவி உயர்வு நின்றுபோனது. அறையை வாடகைக்கு விட்டது அவர். உளறியது அவர். ஆனால் குற்றவாளி யார் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. "உன் கதைப் புத்திதான்டி குடியைக் கெடுத்துச்சு. நாயாம், கடிச்சுச்சாம்!" என்று காலனி கேட்கக் கத்தினார். மறுநாள் பழைய பேப்பர் வாங்கும் கபாடிவாலாவைக் கூப்பிட்டு, அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தது, கட்டிலுக்கு அடியில் இருந்தது, தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து அட்டை போட்டு வைத்திருந்தது என்று அத்தனையையும் தராசில் ஏற்றினார். நான் தடுக்கப் போனேன். அக்கா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கபாடிவாலா ஒவ்வொரு கட்டாகத் தூக்கிச் சாக்கில் போட்டார். ஒரு புத்தகம் மட்டும் தப்பியது. அந்த மாதத்து நாவல் என் ஆபீஸ் பையில் இருந்தது. யாரோ புது எழுத்தாளர், முதல் கதை, அதுவும் ஓர் எஸ்டேட் கொலைதான். மூன்று பேரும் படித்துவிட்டோம். பிரமாதம், இவர் எங்கேயோ போகப்போகிறார் என்று அக்கா சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்காக ஊக்கு காத்திருந்தது. அந்த ஞாயிறு நாங்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்தோம்.

ரங்கசாமி சார் மூட்டுவலியோடு வந்து டெம்போவில் சாமான் ஏற்ற உதவினார். "காலம் கெட்டுப்போச்சுங்க. யாரு போட்டுக்குடுத்தாங்களோ, அவன் நல்லா இருப்பானுங்களா?" என்று சாபம்கூடக் கொடுத்தார். அக்கா கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியில் எடுத்துவைக்க மண்வெட்டியோடு போனபோது, "அதைப் புடுங்காதீங்க அம்மிணி, வர்றவங்களுக்கு ஆகுமுங்க" என்றார். அக்கா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு மண்வெட்டியைச் சுவரோரம் சாத்திவிட்டு வந்து டெம்போவில் ஏறினாள்.

அவர்கள் யமுனைக்கு அந்தப் பக்கம், ஷாதராவில் ஒரு சந்துக்குப் போனார்கள். நான் கரோல்பாக்கில் ஒரு மெஸ்ஸுக்குப் போனேன். சில மாதம் கழித்துச் சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு ஸ்வெட்டர் வாங்கப் போனவன், கால் பழக்கத்தில் பழைய தெருவுக்குள் திரும்பிவிட்டேன். எங்கள் வீட்டு வாசலில் ரங்கசாமி சாரின் பெயர்ப் பலகை தொங்கியது. அவர் மனைவி கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தார். நான் ஸ்வெட்டர் வாங்காமல் திரும்பினேன். இதனால் யாருக்கு லாபம் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு அவ்வளவு நாள் ஆயிற்று. துப்பறியும் கதை இத்தனை படித்தும், செக்கிங் ஆட்களை முதலில் ஆபீஸுக்குப் போகச் சொன்னது யார், சாரை விட்டுவிடச் சொன்னது யார் என்று யோசிக்கவே தோன்றாத மடையன் நான்.

அந்த வாரமே ஷாதராவுக்குப் போனேன். பஸ் மாறிப் போகவேண்டும். கையில் ஒரு புது மாத நாவல், பையில் அந்த ஊக்குப் புத்தகம். அக்கா கதவைத் திறந்தாள், இளைத்திருந்தாள். சார் வீட்டில் இல்லை. ஒற்றை அறை, ஜன்னலுக்கு எதிரே சுவர். புது நாவலை நீட்டினேன். அட்டையை ஒருமுறை தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாம்ப்பா. படிக்க ஓடலை. இப்பல்லாம் பொணம் விழுந்தா, யாரு பெத்த பிள்ளையோன்னு இருக்கு."

"அக்கா, நான் இப்ப சரோஜினி நகர் போயிருந்தேன். நம்ம வீட்டுல யாரு…"

அவள் சட்டென்று கையை உயர்த்தினாள். கடைசி அத்தியாயத்தை யாராவது வாய் தவறிச் சொல்லப்போனால் அப்படித்தான் கையை உயர்த்துவாள்.

"சொல்லாதே தம்பி."

"அக்கா…"

"சொல்லாதே. நீ சொல்லிட்டா அது நெசமாயிரும். அப்பறம் அந்த ஞாயித்துக்கெழமைகளும் இல்லாமப் போயிரும். வீடு போச்சு, பொஸ்தகம் போச்சு. அதாவது இருக்கட்டும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். அவளுக்குத் தெரியும். எனக்கு முன்னாலேயே, மண்வெட்டியைச் சாத்தியபோதே தெரிந்திருக்கிறது. எப்போதும் அவள்தானே ஜெயிப்பாள்? காப்பி போட்டுக் கொடுத்தாள், குடித்தேன். ஊக்குப் புத்தகத்தைப் பைக்குள்ளேயே வைத்துத் திரும்பிக் கொண்டுவந்தேன். அடுத்த வருஷம் அவர்கள் ஊரோடு போய்விட்டார்கள். அக்கா இறந்த செய்தி எனக்கு வந்துசேர்ந்தபோது அது பழைய செய்தியாகியிருந்தது. மெட்ராஸிலிருந்து எல்லாம் தாமதமாகத்தானே இங்கே வரும்.

ரங்கசாமி சாரைக் கடைசியாக நான் பார்த்தது ஒரு கல்யாணப் பந்தியில். அவர் ஓய்வு பெற்றிருந்தார், கையில் தடி. என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, பாயசம் வரும்வரை சுகம் விசாரித்தார். அவர் மூஞ்சியில் தண்ணீர் டம்ளரை வீசவேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். வீசவில்லை. தம்பி, தம்பி என்று அத்தனை மரியாதையாகப் பேசுகிறவர்மேல் எப்படி வீசுவது? கிளார்க் புத்தி. பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே அவர் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, ரொம்ப நாளா உங்ககிட்டக் கேக்கோணும்னு இருந்தேன். நாம கடைசியாப் படிச்சமே, அந்த எஸ்டேட் கதை. அதுல யாருங்க கொலைகாரன்?"

நிஜமான ஆவலோடுதான் கேட்டார். கண்ணில் அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

"தெரியாதுங்க சார். ஊக்கை எடுக்கவே இல்லை" என்றேன்.

"அடடா" என்று வருத்தப்பட்டார். "நல்ல கதைங்க."

அவரும் இப்போது இல்லை. சரோஜினி நகரில் அந்தப் பிளாக்குகள் இடிக்கப்பட்டு, தகரத் தடுப்புக்கு உள்ளே வானத்தை மறைக்கிற கோபுரங்கள் எழும்புகின்றன. கீழ் வீடு, மேல் வீடு என்ற பேச்சே இனி கிடையாது, எல்லாம் லிஃப்ட். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பிப் பொடி மூடிய பாக்கெட்டில் வருகிறது, வாசனை வெளியே வருவதில்லை. கிளிப்பில் தமிழ்ப் பத்திரிகை எதுவும் தொங்கக் காணோம். கேட்டால் கடைக்காரரின் மகன், "கோயி நஹீ படத்தா, அங்கிள்" என்கிறான், யாரும் படிப்பதில்லையாம். எங்கேயோ போகப்போகிறார் என்று அக்கா சொன்ன அந்தப் புது எழுத்தாளர் அதற்குப் பிறகு ஒன்றும் எழுதினதாகத் தெரியவில்லை.

கத்தியதற்கு வருத்தப்பட்டோ என்னவோ, மகன் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் புத்தகத்தைத் துடைத்து என் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தான். "துருவை ஆயில் போட்டு எடுத்துரலாம்ப்பா, பேப்பர் கிழியாது. நீங்களே படிச்சுப் பாருங்களேன், எண்டிங் என்னன்னு."

முடியாது. மூன்று பேரும் உட்கார்ந்தால்தான் ஊக்கை எடுக்கலாம் என்பது அக்காவின் சட்டம். ஒருத்தி இல்லை. இன்னொருவர் உயிரோடு இருந்திருந்தாலும் அவரோடு உட்கார எனக்கு இஷ்டம் இருந்திருக்காது. நான் புத்தகத்தை வாங்கி, அந்தத் தகரப் பெட்டியில் ஸ்வெட்டருக்கு அடியில் திரும்ப வைத்துவிட்டேன்.